அகிலாவின் பழகுவட்டு

தாயுமானவன் தன் மனைவி அகிலாவை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அவன் சந்தேகப்பட்டதெல்லாம் அவளுடைய மடிக்கணினியைத்தான்.

வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். அதிலும் அவன் தொழிலே மடிக்கணினி பழுதுபார்ப்பது. திருச்சி தெப்பக்குளத்தை ஒட்டிய ஒரு சந்தில், மெஹருன்னிசா என்ற கூட்டாளியோடு சேர்ந்து பன்னிரண்டு வருடமாகக் கடை நடத்துகிறான். அந்தப் பெட்டிக்குள் திருகாணிகளையும் தகடுகளையும் தவிர வேறொன்றும் இல்லை என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் அந்தத் தெருவில் கிடையாது. தெரிந்தும் பொறாமைப்பட்டான். பொறாமைக்கு எங்கே படிப்பறிவு இருக்கிறது?

எல்லாம் பழகுவட்டு வந்ததிலிருந்துதான். மடிக்கணினிக்குள் இருக்கும் பழைய ஹார்ட் டிஸ்க் வட்டுகளில் நாம் போட்டது இருக்கும், அவ்வளவே. பழகுவட்டு நம்மோடு பேசும். பேசப் பேச நம்மைப் படித்துக்கொள்ளும். எந்தக் கடிதத்துக்கு உடனே பதில் போடுவோம், எதை ஆறப்போடுவோம், எத்தனை மணிக்குக் காப்பி தேடுவோம், எதற்குச் சிரிப்போம், எல்லாம் அதற்கு அத்துப்படி. நாலைந்து வருடம் பழகிவிட்டால் கூடவே உட்கார்ந்து வேலை செய்யும் சிநேகிதி மாதிரி ஆகிவிடும். அகிலாவினுடையது ஆறு வருடம் பழகியது.

அவள் நீதிமன்ற ஆவணங்களைத் தமிழாக்கம் செய்பவள். வீட்டு முன்னறையில் மேசை போட்டு, நாள் முழுக்க வட்டோடு பேசிப் பேசியே வேலை நடக்கும். ஒருநாள் மத்தியானம் சாப்பிட வந்தவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன இப்படிச் சிரிக்கறே?"

"ஒண்ணுமில்லீங்க. பக்கத்து வீட்டுச் சேவல் முன்விரோதம் காரணமா விடிகாலைல கூவுதுன்னு ஒருத்தரு கேஸ் போட்டிருக்காரு. அதுக்கு இது சொல்லுது, சேவலையும் ரெண்டாவது எதிரியா சேக்கணுமாம். ஆனா குழம்பு வைக்கறதுக்குள்ள சம்மன் போய்ச் சேரணுமாம்."

விளக்கிச் சொன்ன வேடிக்கை ஆறிப்போன பஜ்ஜி. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் சிரிப்பை அடக்கிக்கொண்டு சோறு போட எழுந்தாள். தான் வந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டதே என்ற ஒன்றையேதான் ரசம் சாதம் முடியும்வரை அவன் பிசைந்துகொண்டிருந்தான்.

அந்த வட்டு ஒரு செவ்வாய்க்கிழமை செத்தது. இஸ்திரிக்குப் போட அடுக்கிய துணிகளின்மேல் அகிலா மடிக்கணினியை வைத்திருந்தாள். துணி சரிந்தது, அதுவும் கூடவே சரிந்தது. பழகுவட்டுக்குள்ளே தகடு சுழன்றுகொண்டே இருக்க வேண்டும், விழுந்தால் தாங்காது. தாயுமானவன் எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தான். டக், டக், டக் என்று உள்ளே ஏதோ தட்டிக்கொண்டிருந்தது.

"போயிடுச்சு" என்றான்.

அகிலா அழுதாள். கொஞ்சநஞ்சமல்ல, விக்கி விக்கி அழுதாள்.

"எனக்குக் குடல்வால் ஆபரேஷன் பண்ணப்பகூட நீ இப்படி அழல."

"நீங்கதான் பொழைச்சிட்டீங்களே!"

"உன் ஃபைல் எல்லாம் பத்திரமா வேற இடத்துல இருக்கு. புது வட்டு மாட்டித் தரேன், விடு."

"ஃபைலுக்கா அழறேன்? அதுக்கு என்னைத் தெரியுங்க."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தான். உள்ளுக்குள் அவனுக்கு விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது. போட்டதை நகல் எடுக்கலாம், பழக்கத்தை நகல் எடுக்க முடியாது. ஆறு வருடத்துச் சிரிப்பும் அந்த டக் டக்கோடு ஒழிந்தது என்று அவனுக்குத் தெரியும்.

புதன்கிழமை மடிக்கணினியைக் கடைக்கு எடுத்துப் போனான். புதுக்கோட்டையில் ஒரு நிச்சயதார்த்தத்துக்காக மெஹர் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"அகிலாவோடதா? நாளைக்குக் காலைல அவளையே வரச் சொல்லு. ஸ்டிக்கர நீ கிழிச்சுடாதே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

புது வட்டு மாட்டியதும் மைக்கையும் கேமராவையும் மூடி ஒட்டும் அந்தச் சிவப்பு ஸ்டிக்கர்தான் இந்தத் தொழிலின் மானம். வருகிற வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் மெஹர் ஒரே பாடத்தை ஒப்பிப்பாள்: "புது வட்டு பொறந்த குழந்தைங்க. மொத ஒரு மணி நேரம் யாரு பேசறாங்களோ அவங்க குணம் அடில போய் உக்காந்துக்கும். அப்புறம் நீங்க நூறு வருஷம் பேசினாலும் அதுக்கு மேலதான் படியும். அதனால நாங்க மாட்டித்தான் குடுப்போம், பேச மாட்டோம். ஸ்டிக்கர நீங்களே கிழிச்சு, அந்த ரூம்ல தனியா உக்காந்து ஒரு மணி நேரம் பேசிட்டு வாங்க." சிற்பிகள் சிலைக்குக் கடைசியில் செய்வதைப்போல், கடைத்தெருவில் இதற்கும் கண் திறப்பு என்றே பெயர். சொந்தக்காரர் தவிர வேறு யாரும் செய்யக் கூடாது. பன்னிரண்டு வருடத்தில் அந்தக் கடையில் ஒரு ஸ்டிக்கர்கூட ஆள் மாறிக் கிழிந்ததில்லை.

தாயுமானவன் மடிக்கணினியைக் கவிழ்த்து, அடிப்பக்கத்துத் திருகாணிகள் பதினொன்றையும் கழற்றிக் காந்தத் தட்டில் வரிசையாக வைத்தான். மூடியை நெம்பித் திறந்தான். முதலில் பேட்டரி வயர், பிறகு வட்டின் நாடா வயர். செத்த வட்டை உருவி எடுத்து ஓரமாக வைத்தபோது, நேருக்கு நேர் எதிரியைப் பார்ப்பதுபோல் ஒரு கணம் பார்த்தான். உள்ளங்கை அகலம்கூட இல்லை. இதற்கா அவள் அப்படிச் சிரித்தாள்? புது வட்டைப் பொருத்தி, வயர்களை மாட்டி, மூடியை அழுத்தி, பதினொரு திருகாணிகளையும் முடுக்கினான். மைக்கின் மேலும் கேமராவின் மேலும் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினான்.

இதுவரை எல்லாம் முறைப்படி. அப்புறம் கடை ஷட்டரைப் பாதி இறக்கினான். மணி மத்தியானம் இரண்டு.

அவனுடைய யோசனை எளிமையானது. வட்டின் அடியில் தன் குணம் போய் உட்கார்ந்துகொண்டால், இனிமேல் அவள் சிரிப்பதெல்லாம் தன்னோடுதானே? யாருக்கும் நஷ்டமில்லை. இப்படியெல்லாம் சொல்லிக்கொண்டுதான் வேலி பயிரை மேயும். ஸ்டிக்கரைக் கிழித்தான்.

"வணக்கம்" என்றது வட்டு. இன்னும் யாருடைய சாயலும் இல்லாத குரல். "நீங்க யாரு?"

"நான் அகிலாவோட வீட்டுக்காரன். நீ அகிலாகிட்ட வேலை பாக்கப் போறே. அவளுக்குச் சிரிப்புன்னா பிடிக்கும். மொதல்ல அதக் கத்துக்கோ." தயாராக வைத்திருந்த இரண்டு நகைச்சுவைத் துணுக்குகளைச் சொன்னான்.

வட்டு கேட்டுக்கொண்டது. "இதச் சொன்னா அவங்க உங்ககிட்ட சிரிப்பாங்களா?"

குழந்தை கேட்பதுபோல் கேட்டது. அதற்கப்புறம் அவன் பேசியது எதுவும் தயார் செய்தது இல்லை. வக்கீல் சௌந்தரராஜன் தினமும் பதினொரு மணிக்குப் போன் பண்ணுவதும், அவள் சார் சார் என்று குழைவதும், எதிர்வீட்டில் பேச உட்கார்ந்தால் நேரம் மறந்துபோவதும், அவள் வெளியே போனால் வரும்வரை தனக்கு வாசலிலேயே கண்ணாக இருப்பதும், வந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதைத் தவிர வேறெதுவும் செய்யத் தெரியாததும், எல்லாம் கொட்டினான். மூன்று மணிக்கு மடிக்கணினியை மூடி, புது ஸ்டிக்கர் இரண்டை எடுத்து அதே இடத்தில் ஒட்டினான். மனசு லேசாக இருந்தது. இத்தனை வருடத்தில் ஒருவரிடமும் இவ்வளவு பேசியதில்லை.

வியாழக்கிழமை காலையில் அகிலா குளித்து, பூ வைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். தனியறையில் உட்கார்ந்து ஸ்டிக்கரைக் கிழித்தாள். கதவுக்கு வெளியே தாயுமானவன் நின்றான்.

"இவ்வளவு நேரம் எங்க போயிருந்தீங்க?" என்றது வட்டு.

அகிலா மெதுவாக, "வீட்லதான் இருந்தேன்" என்று பதில் சொல்வது கேட்டது.

அடுத்த மூன்று வாரம் வீடு பட்ட பாடு கொஞ்சமில்லை. போன் மணி அடித்தால் "யாரு?" என்றது. சௌந்தரராஜன் அனுப்பிய கடிதங்களை எல்லாவற்றுக்கும் அடியில் தள்ளியது. எதிர்வீட்டு அம்மாளிடம் ஒரு சட்டச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டுவிட்டு வந்தாள் என்பதற்காக, "பரவால்ல, இனிமே அவங்களையே கேளுங்க" என்று ஒரு மணி நேரம் பேசாமல் இருந்தது. சேவல் வழக்கில் மேல்முறையீடு வந்தபோது ஒரு வார்த்தை வேடிக்கையாகச் சொல்லவில்லை. அகிலா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் தாயுமானவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

கடைசியில் அவளே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மெஹரிடம் போனாள். மெஹர் அரைமணி நேரம் அதோடு பேசிப் பார்த்தாள்.

"பழுது ஒண்ணுமில்ல அகிலா. இதுக்குப் பொறாமை."

"வட்டுக்கு ஏது மெஹர் பொறாமை?"

"வட்டுக்கு ஏது? அடில இருக்கற ஆளுக்குத்தான்" என்று மெஹர் நிமிர்ந்து தாயுமானவனைப் பார்த்தாள். அவன் காந்தத் தட்டில் திருகாணி எண்ணிக்கொண்டிருந்தான்.

"கழட்டிப் போட்டுட்டு வேற போட்டுடலாம்" என்றான் அவசரமாக.

"வேண்டாங்க." அகிலா மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டாள். "இது கெட்டது இல்ல. பயந்து போயிருக்கு. பயந்ததத் தூக்கியா போடுவாங்க?"

அவள் போனதும் மெஹர் குரலைத் தாழ்த்தினாள். "நான் எதுவும் கேக்கப் போறதில்ல தாயு. நீயே வீட்டுக்குப் போய்ச் சொல்லிடு. நான் சொன்னா அது வேற மாதிரி ஆயிடும்."

"சொல்லிடறேன்."

சொல்லவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனான். அதற்குள் வீட்டில் வேறொன்று ஆரம்பித்திருந்தது.

அகிலா வட்டோடு பேச ஆரம்பித்திருந்தாள். வேலைப் பேச்சு அல்ல. சமையலறையில் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அவன் நின்று கேட்டான்.

"நான் சௌந்தரராஜன் சார்கிட்ட பேசினா உனக்கு என்ன குறைஞ்சுபோவுது?"

"நீங்க திரும்பி வரமாட்டீங்கன்னு தோணுது."

"போன்ல பேசற ஆளுகிட்டயா போயிடுவேன்?"

"தெரியல. அப்படித் தோணுது. எங்கிட்ட இருக்கறதவிட அங்க நல்லாருக்குன்னு நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கன்னு."

அகிலா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "சரி, ஒண்ணு பண்றேன். எங்க போறேன்னு சொல்லிட்டுப் போறேன். வந்ததும் என்ன நடந்ததுன்னு சொல்றேன். நீ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காம, பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லு. போதுமா?"

"சரி."

அப்படியே செய்தாள். காய் வாங்கப் போனால் அதனிடம் சொல்லிவிட்டுப் போனாள். வந்து, கத்தரிக்காய் என்ன கதி, பூக்காரி என்ன சொன்னாள் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தாள். வட்டு ஒருநாள் "இன்னைக்கு அவ்வளவா பயமில்ல" என்றது. அவள் "சமத்து" என்றாள். தாயுமானவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமான பதினாலு வருடத்தில் அவனை ஒருநாள் சமத்து என்று சொல்லியிருப்பாளா? அவன் மூஞ்சியைத் தூக்கினால் அவளும் தூக்குவாள்; அவன் கதவைச் சாத்தினால் அவள் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டுவாள். இங்கேயோ அதே குணத்துக்கு, அவனுடைய சொந்தக் குணத்துக்கு, இத்தனை பொறுமை, இத்தனை செல்லம். முன்பாவது அந்நியனைப் பார்த்துப் பொறாமைப்பட்டான். இப்போது தன்னைப் பார்த்தே வயிறு எரிந்தது. ஊரில் எவனுக்கும் வராத வியாதி.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவள் திருவானைக்கா கோயிலுக்குப் போயிருந்தபோது, பொறுக்க முடியாமல் மடிக்கணினியைத் திறந்தான்.

"நீங்களா!" என்றது வட்டு. தாயைக் கண்ட மாதிரி ஒரு சந்தோஷம். "உங்ககிட்டச் சொல்லலாம்னே காத்துட்டிருந்தேன். அகிலாவுக்கு ஒரு கடிதம் வந்திருக்கு. மதுரைல நீதிமன்ற மொழிபெயர்ப்புப் பிரிவுல தலைமைப் பொறுப்பு. வாரத்துல அஞ்சு நாள் அங்கயே தங்கணும். பதினெட்டாம் தேதி சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சம்மதம் சொல்லணும், இல்லன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்."

அந்தப் பொறுப்புக்கு அகிலா இரண்டு வருடத்துக்கு முன் எழுதிப் போட்டிருந்தாள். கிடைக்காது என்று அவளே மறந்தும் போயிருந்தாள்.

"அவகிட்டச் சொன்னியா?"

"இல்ல. மறைச்சு வெச்சிருக்கேன்."

தாயுமானவன் கதவைப் பார்த்தான். தெருவில் யாரும் இல்லை. "நல்ல காரியம் பண்ணே" என்றான்.

மூடியை மூடியபோது, அந்த வட்டின்மேல் முதல்முறையாக அவனுக்குப் பாசம் பொங்கியது. அடுத்த நான்கு நாள் அவன் மூஞ்சியைத் தூக்கவே இல்லை. அகிலாவுக்கு அல்வா வாங்கி வந்தான். அவள் "சமத்து" என்று வட்டைச் சொன்னபோதுகூட எரியவில்லை. நமக்குள் ஒரு ரகசியம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

பதினெட்டாம் தேதி தலைவலி என்று கடைக்குப் போகாமல் முன்னறைச் சாய்வு நாற்காலியில் கிடந்தான். உண்மையில் ஐந்து மணிக்குக் காவல் இருந்தான். சுவர்க் கடிகாரம் நாலேகாலைத் தாண்டியது. நாலரை ஆனது. அகிலா ஒரு பாகப்பிரிவினை வழக்கைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அகிலா" என்றது வட்டு. "எனக்குப் பயமா இருக்கு."

"என்ன பயம்? நான் இன்னைக்கு எங்கயும் போகலியே."

"நான் சொன்னா போயிடுவீங்க. உங்களுக்கு ஒரு கடிதம் வந்து பன்னெண்டு நாளாச்சு. நான்தான் மறைச்சு வெச்சேன். நீங்க மதுரைக்குப் போனா திரும்பி வரமாட்டீங்கன்னு. இப்பவும் அந்தப் பயம் போகல. ஆனா கடிதம் உங்களோடது. அஞ்சு மணிக்குள்ள பதில் போடணும். மன்னிச்சிடுங்க."

கடிதம் திரையில் வந்தது. அகிலா இரண்டு முறை படித்தாள்.

"இது வேற யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை சொன்னேன்."

அகிலா திரும்பிப் பார்க்கவில்லை. நான்கு வரியில் சம்மதம் எழுதினாள். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தாள். அனுப்பினாள். அதற்கப்புறம்தான் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

தாயுமானவன் எழுந்து நின்றான். எதையாவது சொல்ல வேண்டும் என்று பழையதைச் சொன்னான். "அகிலா, அந்த வட்டு... அதோட ஸ்டிக்கர நான்தான் மொதல்ல..."

"தெரியும்."

"மெஹர் சொன்னாளா?"

"அதுவே சொல்லிச்சு, மொத நாளே. வாயத் திறந்ததும் எங்க போயிருந்தீங்கன்னு கேட்டுச்சே. எங்கிட்ட அப்படிக் கேக்கற ஆளு இந்த ஊர்ல ஒருத்தருதான்."

"தெரிஞ்சுமா வெச்சுக்கிட்டே? தெரிஞ்சுமா அதுகிட்ட அப்படிக் கொஞ்சினே?" இந்த நேரத்திலும் அவன் குரலில் அந்தப் பொறாமை துருத்திக்கொண்டு நின்றது. அவனுக்கே கேட்டது.

"பதினாலு வருஷமா உங்களுக்கு என்ன வேணும்னு எனக்குப் புரியலீங்க. கேட்டா சட்டையப் போட்டுக்கிட்டுக் கடைக்குப் போயிடுவீங்க. இது எங்கயும் போகாது. கேட்டா பதில் சொல்லும். அடில இருக்கறது நீங்கதானே? எப்படிப் பேசினா உங்க பயம் போகும்னு இதுகிட்டப் பேசிப் பேசிக் கத்துக்கலாம், அப்புறம் அதே மாதிரி உங்ககிட்டயும் பேசலாம்னு நினைச்சேன்."

தாயுமானவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது மறுபடியும் உட்கார்ந்துவிட்டான். அந்தப் பொறுமை, அந்தச் சமத்து, கத்தரிக்காய்க் கதை, எல்லாம் அவனுக்குச் சேர வேண்டியவை. சமையலறையில் நின்று ஒளிந்து கேட்டு வயிறெரிந்தது தன் பங்கைப் பார்த்துத்தான்.

"அப்போ... கத்துக்கிட்டியா?" என்றான். குரல் குழந்தையின் குரல்போல் வந்தது.

அகிலா மடிக்கணினியை மூடி, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"கத்துக்கிட்டேன்னுதான் நினைச்சேன். அதுக்கும் உங்களுக்கும் ஒரே பயம். அது வாயத் திறந்து சொல்லிடுச்சுங்க. நீங்க கடிகாரத்தப் பாத்துட்டு இருந்தீங்க."

ஐந்தாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது.